சுவரில் மாட்டிய மூன்று கடிதங்கள்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நீ சுகமா, உன் கிளினிக் சுகமா, வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? இங்க உன் அத்தானும் பாப்பாவும் நல்லா இருக்காங்க. நான்தான் கொஞ்சம் கோணலா இருக்கேன். வரியெல்லாம் மேலயும் கீழயும் போறதைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பே.

ரெண்டு மாசமா கழுத்து வலிடா. தோள்ல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் இழுக்குது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, கழுத்து எலும்பு தேய்ஞ்சு போச்சு, குனிஞ்சு செய்யுற வேலையை விடுங்கன்னார். இருபத்தோரு வருஷமா பல்செட் செய்யுற லேப்ல குனிஞ்சு மெழுகுல பல் செதுக்குறேன். நிமிர்ந்து உட்கார்ந்து செதுக்க அது என்ன மலையா? இந்த ஊர்ல பாதிப் பேர் என் பல்லாலதான் மெல்லுறாங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். சிரிக்கக்கூட இல்ல. கழுத்துப் பட்டை ஒண்ணு எழுதிக் கொடுத்தார். அதைக் கட்டிட்டு லேப்புக்குப் போனா, பக்கத்து மேசைக்காரி சங்கிலி எங்கேக்கான்னு கேட்குறா.

போன்ல சொல்லியிருப்பேன். நீ ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுற ஆளு. பக்கத்துல பெரியண்ணன் உட்கார்ந்திருந்தா தீர்ந்துச்சு. மருந்துக்கடை வெச்சதுல இருந்து அவருக்கு எல்லா வியாதியும் அத்துப்படி. போன மாசம் வந்தப்பகூட, "ஊசிக்காரன்கிட்ட மட்டும் கழுத்தைக் கொடுத்துடாதே"ன்னுட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்துச்சு. அதுக்காகவாவது உன்கிட்ட கொடுக்கலாம்னு இருக்கேன். உன் ஊசிக்கு இது கேட்குமா?

உடம்பைப் பார்த்துக்கோ.
உன் அக்கா


ஜனவரி 17

அன்பு அக்காவுக்கு,

உன் கோணல் எழுத்து வந்து சேர்ந்துச்சு. நான் நல்லா இருக்கேன். மூணு கட்டில்ல ஒண்ணுலதான் ஆள். மத்த ரெண்டு கட்டில்லயும் நானே மாத்தி மாத்திப் படுத்துப் பார்க்குறேன், மெத்தை வீணாப் போகக் கூடாதே. கீழ அச்சுக்கூடம், நாள் முழுக்க மெஷின் தடதடன்னு. படுத்திருக்கிறவங்களுக்கு அது தாலாட்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

கேட்குமாவா? கழுத்துக்கும் முதுகுக்கும் அக்குபஞ்சர் கேட்காம வேற எதுக்குக் கேட்கும்? பத்து நாள் லீவு போட்டுட்டு வா. முடி மாதிரி மெல்லிசான ஊசி. கழுத்துல நாலு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒண்ணு, கால்ல ரெண்டு. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் உள்ளுக்குள்ள கனமா ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இருபது நிமிஷத்துல தூங்கிடுவே.

நான் மூணு தொழில் மாத்தினப்பவும், நாலாவதா இதைப் படிக்கப் போனப்பவும், "போடா, உன் கை ராசியான கை"ன்னு சொன்னது நீ ஒருத்திதான். அந்தக் கையை உன் கழுத்துல காட்டுறேன், வந்து பாரு. அத்தானைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமா வந்து சேர்ந்தேன். நீ நல்லா இருக்கியா? நான் வந்தப்ப இருந்ததைவிடக் கிளம்புறப்ப இளைச்சிருந்தே, எனக்குக் குத்தின நேரத்துல ரெண்டு வாய் சாப்பிட்டிருக்கலாம்.

சொன்னா நம்ப மாட்டே, நேத்து ஒரே தலையணையோட தூங்கி எழுந்தேன். வலி முக்கால்வாசி போயிடுச்சு. பஸ்ல ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி வேடிக்கை பார்த்துட்டே வந்தேன், மூணு மாசமா முடியாத காரியம். உன் அத்தான் முகத்தைத் தூக்கி வெச்சுட்டே, "பரவாயில்லையே"ன்னார். அவர் வாயில இருந்து அது வந்ததே பெருசு.

நீ சொன்ன மாதிரி இந்த ஊர்ல இருக்குற உன் கூடப் படிச்சவர்கிட்ட வாரம் ரெண்டு நாள் ஊசிக்குப் போறேன். நல்ல மனுஷன், ஊசி குத்துறதுக்கு முன்னாடி மன்னிச்சுக்கோங்கம்மான்னு சொல்றார். நுனி விரல் மட்டும் இன்னும் மரத்தாப்ல இருக்கு, பஞ்சைத் தொட்ட மாதிரி. எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்ங்கிறார். அத்தானும் அதையேதான் சொல்றார். எடுக்கவா வேண்டாமா, நீ சொல்லு. நீ சொல்றதைக் கேட்குறேன்.

பாப்பா உன்னைக் கேட்டா. இருபத்து நாலு வயசாகியும் அவளை நீ பாப்பான்னு கூப்பிடுறது பிடிக்கலையாம். பள்ளிக்கூட ஆபீஸ்ல சான்றிதழ்ல பேரெல்லாம் இப்ப அவதான் எழுதுறா. கையைப் பிடிச்சு நான் எழுத வெச்ச எழுத்து, இன்னைக்கு அவளுக்குச் சோறு போடுது.

அக்கா


மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமே நாடுறேன், எல்லாம் இருக்கட்டும். நீ முதல்ல இதைக் கேளு. உன் ஜனவரிக் கடிதத்தையும் பிப்ரவரிக் கடிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஜனவரியில எழுத்து தடுமாறித் தடுமாறிப் போகுது. பிப்ரவரியில கோடு போட்ட மாதிரி. பத்து நாள் ஊசிக்கு நடுவுல இவ்வளவு வித்தியாசம். ரெண்டையும் கண்ணாடி ஃபிரேம் போட்டு, கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டிட்டேன். மேல "சிகிச்சைக்கு முன்", "சிகிச்சைக்குப் பின்"னு கீழ அச்சுக்கூடத்துல அடிச்சு ஒட்டியிருக்கேன். வர்றவங்க நின்னு படிச்சுட்டுப் போறாங்க. சங்கிலி எங்கேக்கான்னு கேட்ட இடத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க.

ஸ்கேன் எதுக்கு? உன் வயசுல யாருக்கு எடுத்தாலும் தேய்மானம்னுதான் வரும். படத்தைப் பார்த்துட்டு பயந்து பயந்தே கழுத்து பிடிச்சுக்கிறவங்க நிறைய. விரல் மரப்பு கடைசியாத்தான் போகும், பொறு.

இன்னொண்ணு. போன் வேண்டாம். நீ குரல்ல நல்லாத்தான் இருக்கேன்னு சமாளிப்பே. கடிதமே எழுது. கையெழுத்து பொய் சொல்லாது, அதைப் பார்த்தே நான் உன் கழுத்தைச் சொல்லிடுவேன்.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? பதில் போட நாளாயிடுச்சு, கோபிச்சுக்காதே. வேலை ஜாஸ்தி. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

என் கடிதத்தையா சுவத்துல மாட்டினே? அதுல உன் அத்தான் முகத்தைத் தூக்கி வெச்சதெல்லாம் எழுதியிருந்தேனேடா. அவர் உன் கிளினிக்குக்கு வந்தா என்னை என்ன சொல்லுவார்? சரி போகட்டும். நாலு பேர் வர்றாங்கன்னா எனக்குச் சந்தோஷம்தான்.

வலி சுத்தமா இல்ல. கழுத்துப் பட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. எழுத்தைப் பாரு, உனக்கே தெரியும். லேப்ல என்னை மெழுகு மேசையில இருந்து பார்சல் கட்டுற பக்கம் மாத்தியிருக்காங்க. மூத்த ஆளாச்சே, கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்னு எஜமானுக்குத் தோணியிருக்கு. வீட்டுல இந்த மாசம் நாலு கண்ணாடி டம்ளர் உடைஞ்சுச்சு. இப்பல்லாம் ரொம்ப மெல்லிசாத்தான் செய்யுறாங்க. உன் அத்தான் எவர்சில்வர் வாங்கிட்டு வந்துட்டார்.

மூணு கட்டில்லயும் இப்ப ஆள் இருக்கா? நீ எங்க படுக்குறே?

அக்கா


மே 10

அன்பு அக்காவுக்கு,

நல்லா இருக்கியா? கேட்கவே வேண்டாம், எழுத்தே சொல்லுது. இது நீ பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கின காலத்து எழுத்து அக்கா. ஒரு சுழி பிசகல. இதையும் ஃபிரேம் போட்டுட்டேன். மூணாவதுக்கு மேல "முழு குணம்"னு ஒட்டியிருக்கேன்.

மூணு கட்டிலும் நிறைஞ்சு, வெளிய பெஞ்சு போட்டிருக்கேன். போன வாரம் யார் வந்தான்னு நினைக்கிறே? பெரியண்ணன். சுவத்துக்கு முன்னாடி நின்னு மூணையும் படிச்சார். இது அவ எழுத்துதான்னார். அப்புறம் பேண்ட்டை மடிச்சுவிட்டு முட்டியைக் காட்டினார். என்னை உருப்படாதவன்னு சொன்ன பதினஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே ஊசியா குத்தணும்னு தோணுச்சு, மெதுவாத்தான் குத்தினேன்.

கூடப் படிச்சவன் எழுதியிருந்தான். நீ நடக்குறப்ப கால் பின்னுது, ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கன்னு. அவனுக்கு எப்பவும் பயம் ஜாஸ்தி. பரீட்சையில ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு மயங்கி விழுந்த ஆளு. உன் ஏப்ரல் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பி, கையைப் பாருடா, அப்புறம் காலைப் பத்திப் பேசுன்னேன். அதுக்கப்புறம் சத்தமில்ல. ஒண்ணும் இல்லதானே அக்கா?

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கு? நிறைய ஆள் வந்தா நிறைய நேரம் நிக்கணும், இடுப்பைப் பார்த்துக்கோ. நாங்க நலம்.

கால் பின்னுனது பழைய செருப்பு. மாத்தியாச்சு. உன் கூடப் படிச்சவர்கிட்ட இப்ப போறதில்ல, அவசியம் இல்லன்னு நானே நிறுத்திட்டேன். பெரியண்ணன் போன் பண்ணினார். "சின்னவன் தேறிட்டான்"னார். அதோட வெச்சுட்டார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க நான் எத்தனை வருஷம் அவரோட மல்லுக்கு நின்னிருக்கேன்னு உனக்குத் தெரியும். அன்னைக்கு எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு.

ஒண்ணு கேட்கணும். லேப்ல கூட வேலை செய்யுற ஒருத்தி உன்கிட்ட கேட்கச் சொன்னா. அவளுக்கும் கழுத்துதான். வலி இல்லையாம். ஆனா ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியலையாம், மக மாட்டிவிடுறா. சோத்தை உருட்டினா விரல் வழியா விழுதாம். படியில இறங்குறப்ப கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பார்த்துத்தான் வைக்கிறாளாம். உன் ஊசிக்கு எத்தனை நாள்ல கேட்கும்? அவ வெட்கப்படுறா, அதான் நான் எழுதுறேன்.

அக்கா


ஜூலை 15

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருப்பேன்னு நம்புறேன்.

அந்த அம்மாகிட்ட உடனே சொல்லு. ஊசி வேண்டாம். என்கிட்ட மட்டுமில்ல, யார்கிட்டயும் வேண்டாம். நாளைக்கே ஸ்கேன் எடுத்துட்டு நரம்பு டாக்டரைப் பார்க்கணும். இது வெறும் தேய்மானம் இல்ல, எலும்பு தண்டுவடத்தை நசுக்குது. வலி இல்லங்கிறது நல்ல செய்தி கிடையாது. இதுல போனது திரும்பி வர்றது கஷ்டம், இருக்குறதையாவது காப்பாத்தணும். ஒவ்வொரு நாளும் கணக்கு. எனக்கு இதைப் படிச்சுக் கொடுத்தவர் முதல் நாளே சொன்ன பாடம் இது, இப்படி ஒருத்தர் வந்தா கட்டில்லயே படுக்க வைக்காதேன்னு.

இந்த வாரமே போகச் சொல்லு. தள்ளிப்போட வேண்டாம்.

கிளினிக் நல்லாப் போகுது. வேற விசேஷம் இல்ல.

தம்பி


அக்டோபர் 4

மாமாவுக்கு,

நீங்க நல்லா இருப்பீங்க. இந்த எழுத்தைப் பார்த்ததும் அம்மா எழுதியிருக்காங்கன்னு நினைச்சிருப்பீங்க. நான்தான், பாப்பா.

ஜூலையில உங்க கடிதம் வந்ததும் அம்மா படிச்சுட்டு ரொம்ப நேரம் மடியிலயே வெச்சிருந்தாங்க. அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு, "வாங்க, ஸ்கேன் எடுத்துட்டு வந்துடலாம்"னாங்க. மாசக்கணக்கா அப்பா தலைகீழா நின்னு கேட்டும் ஒத்துக்காதவங்க. அந்தப் படத்தைப் பார்த்த டாக்டர், இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தீங்கன்னு கேட்டார். செப்டம்பர் பதினெட்டாம் தேதி கழுத்துல ஆபரேஷன் ஆச்சு. இனி மோசமாகாது, போன விரல் திரும்பும்னு மட்டும் கேட்காதீங்கன்னு சொல்லிட்டார். லேப்ல இருந்து அம்மாவோட செதுக்குற கத்தியெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு அனுப்பிட்டாங்க. உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னாங்க அம்மா. நான் அவங்களுக்குத் தெரியாம எழுதுறேன்.

லேப்ல கொக்கி மாட்ட முடியாத ஒருத்தி கிடையாது மாமா. ஏப்ரல்ல இருந்து நான்தான் அம்மாவுக்கு மாட்டிவிடுறேன்.

உங்க சுவத்துல முதல் ரெண்டு கடிதம்தான் அம்மா எழுதினது. மார்ச்லயே பேனா நிக்கல. நாலு தடவை எழுதி நாலையும் கிழிச்சுப் போட்டாங்க. "அவன் மாட்டி வெச்சுட்டான்டி, இப்பத்தான் நாலு பேர் ஏறி வர்றாங்க, நான் போய் இந்தக் கோணலை அனுப்பவா"ன்னாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அந்தப் பாவம் எனக்கும் உண்டு, நான் இல்லன்னு சொல்ல வரல.

ஆனா நீங்க எழுத்தைப் பார்த்தே கழுத்தைச் சொல்லிடுவேன்னீங்க. ஏப்ரல்லயும் ஜூலையிலயும் பார்த்தீங்க. நீங்க பார்த்தது சரிதான் மாமா. எனக்குக் கழுத்து ரொம்ப நல்லா இருக்கு.

இப்படிக்கு,
உங்க அக்கா மகள்


அக்டோபர் 21

அக்கா,

எப்படி இருக்கேன்னு கேட்க எனக்கு வாய் வரல.

பாப்பாவோட கடிதம் வந்து ரெண்டு வாரமாச்சு. நாலு தடவை பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். அத்தான் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்ல.

ஒண்ணை நானே சொல்லிடுறேன், வேற யாரும் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம். கூடப் படிச்சவன் ஒரு தடவை இல்ல, மூணு தடவை எழுதினான். கடைசியில, "உங்கக்கா நடையைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வரல, நான் இனி குத்த மாட்டேன்"னு எழுதியிருந்தான். நீயா நிறுத்தல, அவன்தான் நிறுத்தினான்னு எனக்குத் தெரியும். அதுக்கும் நான் பதில் போடல. என் கையில உன் எழுத்து இருந்துச்சு, அது போதும்னு இருந்துட்டேன்.

ஜூலையில கொக்கி மாட்ட முடியாதவளைப் பத்தி எழுதினியே, படிக்கிறப்பவே எனக்கு அது நீதான்னு பட்டுச்சு. யாரு, பேர் என்னன்னு கேட்டு எழுதினேன். அந்தத் தாளைக் கிழிச்சுட்டு வேற எழுதினேன். கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயம். சொல்லிட்டா எதிர்ச் சுவத்தை என்ன பண்றது?

போன வாரம் ஃபிரேமைக் கழட்ட ஸ்டூல் போட்டு ஏறினேன். கட்டில்ல கழுத்துல ஊசியோட படுத்திருந்தவர், "ஏன் சார் கழட்டுறீங்க, அதைப் பார்த்துட்டுத்தானே நான் படுத்தேன்"னார். திரும்ப மாட்டிட்டு இறங்கிட்டேன். அவருக்கு வலி நிஜமாவே குறைஞ்சிருக்கு அக்கா. உனக்கும் குறைஞ்சதுதானே. அது பொய் இல்லையே.

நீ ஒரு வார்த்தை சொன்னா மூணையும் கழட்டிடுறேன். கிளினிக்கையே மூடச் சொன்னாலும் மூடிடுறேன். நீ சொல்றதைக் கேட்குறேன்.

தம்பி


நவம்பர் 23

தம்பிக்கு,

நானே எழுதுறேன். பாப்பா பக்கத்துல இல்ல. மூணு நாளா எழுதுறேன்.

உடம்பு இருக்கு. வலி இல்ல. அது நீ சொன்ன மாதிரிதான். பொய் இல்ல.

பேனாவை விரலோட சேர்த்து ரப்பர் போட்டுக் கட்டிவிட்டார் உன் அத்தான். உன்னைத் திட்டல. பேரையே எடுக்குறதில்ல.

நான் மறைச்சேன். உனக்காகன்னு நினைச்சேன். நீயும் தெரிஞ்சே மறைச்சே. யாருக்காகன்னு எழுதவே இல்லையே.

கிளினிக்கை மூடாதே. மூடிட்டா என் விரலால மூடினேன்னு காலம் பூரா சொல்லுவே. அதையும் நான் சுமக்க முடியாது.

முதல் ரெண்டும் நான் எழுதினது, இருக்கட்டும். மூணாவதைக் கழட்டு. அது என் பொண்ணு எழுத்து, அவளுக்குத் திருப்பி அனுப்பிடு.

அந்த ஆணியில இதை மாட்டு.

அக்கா